மருத்துவர் தராத மருந்து

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மூன்று நாள்களாகச் சளி, இருமல், காய்ச்சல். இரவெல்லாம் இருமினாள், நானும் உறங்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் எனக்கு முக்கியமான கூட்டம் இருந்தது. காலையிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த மருந்தகத்துக்குச் சென்றேன்.

மருத்துவர் அவளுடைய காதையும் தொண்டையையும் விளக்கு வைத்துப் பார்த்தார். நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சட்டையை உயர்த்தி, மூச்சை எண்ணினார். “சாதாரணச் சளிதான்” என்றார்.

“டாக்டர், சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் கொடுங்கள். போன மாதம் இவள் அண்ணனுக்குக் கொடுத்தீர்களே! சீக்கிரம் குணமாகிவிட்டதே!” என்றேன்.

“உங்கள் மகனுக்கு வந்தது பாக்டீரியாவால் ஏற்பட்ட காதுத் தொற்று. அதற்கு அந்த மருந்து தேவைப்பட்டது. இவளுக்கு வந்திருப்பது வைரஸ் சளி. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் அழிக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. சளியின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தேவையின்றிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். அதோடு, உடம்பில் உள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கக்கூடியவை பிழைத்துப் பெருகும். உண்மையிலேயே தேவைப்படும் நாளில் மருந்து பயன்படாமல் போகலாம்” என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

பிறகு ஒரு தாளில் எழுதித் தந்தார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல். அடிக்கடி நீராகாரம். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கலாம். மூச்சு வேகமானாலோ, மூச்சு வாங்கும்போது விலாப்பகுதி உள்ளே இழுத்தாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளில் விடாவிட்டாலோ உடனே வர வேண்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டிற்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். மகனுடைய மருந்துப் புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அவன் தேறியதும் நானே நிறுத்திவிட்டிருந்தேன். கரண்டியில் ஊற்றப் போனபோது, புட்டியில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. ‘கலந்த 7 நாள்களுக்குள் பயன்படுத்தவும்.’ என் கை நின்றது. இந்த மருந்து யாருக்காக? மகளுக்காகவா, நாளைய கூட்டத்துக்காகவா?

புட்டியை அப்புறப்படுத்தினேன். விடுப்பு எடுத்துக்கொண்டு, அன்றிரவு அவள் மூச்சை எண்ணியபடி அருகில் அமர்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. இருமல் மூன்றாம் வாரத்தில்தான் நின்றது.

பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கைப் பற்றிப் பின்னர் படித்தேன். போதிய அளவு மருந்து உட்கொள்ளாவிட்டால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று அவர் 1945ஆம் ஆண்டிலேயே, தமது நோபெல் பரிசு உரையில் எச்சரித்திருந்தார். மகனின் பாதிப் புட்டி என் நினைவுக்கு வந்தது.

நான் கேட்டதை எழுதித் தர அந்த மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதும். மறுத்து விளக்கத்தான் பத்து நிமிடம் செலவிட்டார். இப்போதெல்லாம் மருந்தகத்தில் நான் ஆன்டிபயாடிக் கேட்பதில்லை. “எந்த அறிகுறி தெரிந்தால் மீண்டும் வர வேண்டும், டாக்டர்?” என்றுதான் கேட்கிறேன்.