நினைவு நாட்களின் நாட்காட்டி: அர்ஜென்டினாவின் தேசிய விடுமுறைகள்

அர்ஜென்டினாவில் குடியேறிய ஒருவர் அந்நாட்டின் நாட்காட்டியை ஊன்றிப் படித்தால், தேசத்தின் தலைமக்களுக்கென ஒதுக்கப்பட்ட விடுமுறைகளில் ஒன்றுகூட அவர்களின் பிறந்த நாளில் அமையவில்லை என்பது தெரியவரும். தேசியக் கொடியை உருவாக்கிய மனுவேல் பெல்கிரானோவுக்குரிய ஜூன் 20, அவர் 1820-இல் இறந்த நாள். வட எல்லையில் ஸ்பானியப் படைகளைத் தடுத்து நிறுத்திய மார்த்தின் மிகேல் தெ குவேமஸுக்குரிய ஜூன் 17, குண்டடிபட்டுப் பத்து நாள் உயிருக்குப் போராடி அவர் 1821-இல் மறைந்த நாள். ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து சிலியையும் பின்னர்ப் பெருவையும் விடுவிக்கச் சென்ற ஹோசே தெ சான் மார்த்தினுக்குரிய ஆகஸ்ட் 17-உம் அவ்வாறே அவர் 1850-இல் காலமான நாள். விடுமுறைப் பட்டியலுக்கு வெளியேயும் இவ்வழக்கம் தொடர்கிறது: இந்தியாவில் ஆசிரியர் தினம் இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5-இல் கொண்டாடப்படும்போது, அர்ஜென்டினாவில் குடியரசுத் தலைவராக இருந்து பள்ளிக் கல்வியைப் பரப்பிய தொமிங்கோ சர்மியெந்தோ 1888-இல் இறந்த செப்டம்பர் 11-ஆம் நாளே ஆசிரியர் தினமாக இருக்கிறது. நாயன்மார்களுக்கு அவர்கள் முக்தியடைந்த நாளில் குருபூசை செய்யும் சைவ மரபை அறிந்த தமிழருக்கு இது முற்றிலும் புதிய வழக்கமன்று; ஆயினும் ஒரு நவீனக் குடியரசு தன் அரசு விடுமுறைகளையே இம்முறையில் அமைத்துக்கொண்டிருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தலைவர் ஒருவரின் இறுதி நாளை நினைக்கும்போது, அவர் சாதித்தவற்றோடு அவருக்கு நாடு பட்ட கடனும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. பெல்கிரானோவின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. ஸ்பெயினில் சட்டம் பயின்று, வழக்கறிஞராகவும் பொருளியல் சிந்தனையாளராகவும் அறியப்பட்டிருந்த அவர், விடுதலைப் போரின் தேவையால் படைத்தலைவரானவர். 1812 பிப்ரவரி 27 அன்று ரொசாரியோவில், பரானா ஆற்றங்கரையில் வெண்மையும் வான்நீலமும் கொண்ட கொடியை அவர் ஏற்றியபோது, புவெனஸ் அயர்ஸில் இருந்த அரசு அதை ஏற்காமல் மறைத்துவிடுமாறு பணித்தது. சால்தா, துக்குமான் போர்களில் பெற்ற வெற்றிகளுக்குப் பரிசாக அரசு அறிவித்த 40,000 பெசோவை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல், வடக்கில் நான்கு ஊர்களில் பள்ளி கட்டுவதற்கு எழுதிக்கொடுத்தார். அப்பள்ளிகளுள் ஒன்றுகூட அவர் வாழ்நாளில் எழவில்லை. ஹுஹுய் நகரத்துக்கென அவர் விரும்பிய பள்ளி திறக்கப்பட்டது 2004-இல்தான். நோயுற்று வறுமையில் கிடந்த அவர், சிகிச்சை செய்த மருத்துவருக்குக் கொடுக்கப் பணமின்றித் தம் பைக்கடிகாரத்தைக் கொடுத்தார் என்பதும், வீட்டு மேசையொன்றின் பளிங்குப் பலகையே அவருடைய கல்லறைக்கு மூடுகல்லாயிற்று என்பதும் அர்ஜென்டினப் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் அறிந்தவை. கொடி நாளாகிய ஜூன் 20-ஐ ஒட்டி, தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பு மாணவர்கள் கொடிக்கு உறுதிமொழி கூறுவது மரபு. கொடி முதலில் ஏற்றப்பட்ட ரொசாரியோவில், 1957 ஜூன் 20 அன்று திறக்கப்பட்ட, 70 மீட்டர் உயரக் கோபுரத்தைக் கொண்ட கொடி நினைவுச் சின்னத்தின் முன் பெருந்திரளான குழந்தைகள் அவ்வுறுதிமொழியைச் சொல்கின்றனர். அந்த நினைவுச் சின்னத்தைக் காட்டிலும், 190 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து எழுந்த ஹுஹுய் பள்ளியே பெல்கிரானோவுக்கு உண்மையான நினைவகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

சான் மார்த்தினின் நினைவு நாளுக்குப் புலம்பெயர்ந்தோர் தனிப் பொருள் காண்பது இயல்பு. அர்ஜென்டினாவில் ‘நாட்டின் தந்தை’ என்று போற்றப்படும் அவர், உள்நாட்டுப் பூசலில் எந்தத் தரப்புக்காகவும் வாளெடுக்க மனமின்றி 1824-இல் ஐரோப்பா சென்று, தாய்மண்ணில் மீண்டும் காலூன்றாமலே பிரான்சின் புலோன் என்னும் கடற்கரை நகரில் உயிர்நீத்தவர். தம் இதயம் புவெனஸ் அயர்ஸில் வைக்கப்பட வேண்டும் என்று அவர் 1844-இல் எழுதிய உயிலில் விரும்பியிருந்தார். 1880-இல் அவருடைய உடல் எச்சங்கள் கொண்டுவரப்பட்டு அந்நகரின் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. ஊருக்குத் திரும்பவேண்டும் என்ற ஏக்கத்தோடு அயல்மண்ணில் வாழ்வோரின் நிலையை அந்நாட்டின் முதன்மைத் தலைவரே அனுபவித்திருக்கிறார் என்பது, பாடநூலில் இதைப் படிக்கும் குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் சிறு ஆறுதலன்று.

குவேமஸின் நினைவு நாள் 2016 முதல்தான் நாடு தழுவிய விடுமுறையாயிற்று என்றாலும், அவருடைய சால்தா மாகாணத்தில் அது மிகப் பழைய உணர்ச்சியோடு அனுசரிக்கப்படுகிறது. கவுச்சோக்கள், அதாவது குதிரையேறிக் கால்நடை மேய்க்கும் நாட்டுப்புறத்தார், கறுப்புப் பட்டையிட்ட செந்நிறப் போர்வை அணிந்து, ஜூன் 16 இரவு முழுவதும் அவர் சிலையைச் சுற்றித் தீ மூட்டிக் குளிரில் விழித்திருக்கின்றனர். இதே மாகாணத்தின் ரொசாரியோ தெ லா ஃப்ரொந்தேரா என்னும் ஊரில், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருப்புப்பாதைப் பணிக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் வந்த பஞ்சாபியரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர் என்பதும் அங்கு ஒரு குருத்வாரா உண்டு என்பதும் இந்திய வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

மகிழ்ச்சிக்குரிய நாட்களும் இல்லாமல் இல்லை. ஸ்பெயினின் பேராளராக ஆண்ட சிஸ்னேரோஸை நீக்கிவிட்டு 1810 மே 25 அன்று புவெனஸ் அயர்ஸில் முதல் தன்னாட்சிக் குழு அமைந்தது. முழு விடுதலை துக்குமான் நகரில், ஒரு குடும்பம் அளித்த வீட்டில் கூடிய பேரவையால் 1816 ஜூலை 9 அன்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு ஸ்பானிய மொழியோடு கெச்சுவா, அய்மாரா ஆகிய ஆண்டிஸ் மலைநாட்டுப் பூர்வகுடி மொழிகளிலும் அச்சிடப்பட்டது என்பதைப் பிற்காலத்து அர்ஜென்டினா பெரிதும் மறந்துபோனது வருத்தத்திற்குரியது. இவ்விரு நாட்களிலும் வெண்மையும் நீலமும் கலந்த ‘எஸ்கரபேலா’ என்னும் சிறு நாடாப்பூவை மக்கள் நெஞ்சில் குத்திக்கொள்வர்; வெள்ளை மக்காச்சோளம், மொச்சை வகைகள், பூசணி, இறைச்சித் துண்டுகள் சேர்த்து மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த ‘லோக்ரோ’ என்னும் கெட்டியான கூழ் வீடுதோறும், கோயில்தோறும், தொழிற்சங்க அலுவலகம்தோறும் சமைக்கப்படும். தென்கோளத்தில் மே, ஜூலை மாதங்கள் குளிர்காலத்தை ஒட்டியவை ஆதலால் அச்சூடான உணவு பருவத்துக்கும் பொருந்துகிறது. அதற்கு மாறாக, ஐரோப்பியப் பனிக்காலத்துக்கு ஏற்ற கொட்டைகளும் இனிப்பு ரொட்டியும் டிசம்பர் வெயிலில் கிறிஸ்துமஸ் விருந்தாவது, வந்து குடியேறியோர் தம் பழக்கத்தை எவ்வளவு உறுதியாகக் காத்தனர் என்பதைக் காட்டுகிறது.

உண்மையில் இத்தேசிய விழாக்கள் இன்றைய வடிவம் பெற்றதே குடியேறிகளை முன்னிட்டுத்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி, ஸ்பெயின், உருசியப் பேரரசு, ஒட்டோமன் பேரரசு ஆகியவற்றிலிருந்து இலட்சக்கணக்கானோர் வந்திறங்கினர்; 1914-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாட்டு மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரும், தலைநகரில் ஏறத்தாழப் பாதிப்பேரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இவர்களின் பிள்ளைகளை அர்ஜென்டினராக்கும் பொறுப்பு, கட்டாய இலவசக் கல்வியைக் கொண்டுவந்த 1884-ஆம் ஆண்டின் 1420-ஆம் எண் சட்டத்தின் வழியே பள்ளியிடம் சென்றது. 1908 முதல் தேசியக் கல்விக் குழுவுக்குத் தலைமையேற்ற ஹோசே மரியா ராமோஸ் மெஹியா தேசியப் பாடல், கொடி வணக்கம், வரலாற்று நாடகம் ஆகியவற்றைப் பள்ளி வாழ்வின் மையமாக்கினார். அன்று தொடங்கிய ‘ஆக்தோ’ என்னும் பள்ளி விழா இன்றும் நடைபெறுகிறது: மே 25-ஐ ஒட்டிக் குழந்தைகள் தண்ணீர் விற்பவர், மெழுகுவர்த்தி வணிகர், பணியாரம் விற்கும் பெண் முதலிய 1810-ஆம் ஆண்டுத் தெரு மாந்தராக வேடமிட்டு மேடையேறுகின்றனர். அர்ஜென்டின மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடியுரிமை பெறுவதால், பெற்றோர் அயல்நாட்டாராக இருக்கும் நிலையிலேயே பிள்ளை அந்நாட்டுக் குடிமகனாக மேடையில் நிற்கிறது. புதிய நாட்டின் வரலாறு பெற்றோரை வந்தடைவது பெரும்பாலும் இவ்வழியில்தான். இம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. இத்தாலிய வட்டார மொழிகளும் யிட்டிஷும் இரு தலைமுறைகளில் வீட்டைவிட்டு அகன்றன. தெரு வணிகராக நடிக்கும் குழந்தைகளின் முகத்தில் எரித்த தக்கையால் கரி பூசும் வழக்கம், ஆப்பிரிக்க வழிவந்த அர்ஜென்டினரை வெறும் வேடமாக்கிவிட்டது. பெல்கிரானோவின் படையில் போரிட்டுக் காயமுற்று, முதுமையில் பிச்சையெடுக்க நேர்ந்த மரியா ரெமெதியோஸ் தெல் வாயே என்னும் கறுப்பினப் பெண்ணின் நினைவாக, அவர் 1847-இல் இறந்த நவம்பர் 8-ஐ ஆப்பிரிக்க-அர்ஜென்டினருக்குரிய நாளாக 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. அது இன்னும் விடுமுறையாகவில்லை.

நாட்காட்டியின் மிகக் கனமான நாள் மார்ச் 24. 1976-இல் அந்நாளில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, 1983 வரை ஆண்டது. அக்காலத்தில் கடத்தப்பட்டு ‘காணாமற்போனோர்’ 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. 2002-இல் இந்நாள் உண்மைக்கும் நீதிக்குமான நினைவு நாளாகச் சட்டமாக்கப்பட்டு, 2006 முதல் விடுமுறையாக அனுசரிக்கப்படுகிறது. அன்று மக்கள் திரளும், புவெனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தின் நடுவே நிற்கும் தூண், 1810 மே நிகழ்வின் முதலாண்டு நிறைவுக்காக எழுப்பப்பட்டது. அதே தூணைச் சுற்றித்தான், 1977 ஏப்ரல் 30 அன்று முதலில் கூடிய தாய்மார்கள், தம் மக்கள் எங்கே என்று கேட்டு, தலையில் வெள்ளைத் துணி கட்டி வியாழன்தோறும் வலம் வந்தனர். அவர்களுள் முன்னின்ற அசுசேனா வியாஃப்ளோர் அவ்வாண்டு டிசம்பரில் தாமே கடத்திக் கொல்லப்பட்டார். பல்லாண்டுகளுக்குப் பின் அடையாளம் காணப்பட்ட அவருடைய எச்சங்களின் சாம்பல் 2005-இல் அத்தூணின் அடியில் புதைக்கப்பட்டது. கார்னிவல் என்னும் தவக்கால முன்விழாவின் இரு விடுமுறைகளையும் 1976-இல் நீக்கியது இதே இராணுவ ஆட்சிதான். 2010-இல் அவை மீண்டன. மக்களின் துயரத்துக்குச் செவிசாய்க்காத ஆட்சி அவர்களின் தெருக் கொண்டாட்டத்தையும் பொறுக்கவில்லை என்பதை இவ்விரு செய்திகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

ஏப்ரல் 2, மால்வினாஸ் தீவுகளுக்கான 1982-ஆம் ஆண்டுப் போரில் இறந்தோர்க்கும் உயிர்தப்பியோர்க்கும் உரியது. பிரிட்டன் ஃபாக்லாந்து என்று அழைத்து ஆளும் அத்தீவுகளுக்காக 649 அர்ஜென்டின வீரர் மாண்டனர். அவர்களுள் 323 பேர், மே 2 அன்று மூழ்கடிக்கப்பட்ட ‘ஹெனெரால் பெல்கிரானோ’ என்னும் போர்க்கப்பலில் இருந்தவர்கள். போரைத் தொடங்கியது கொடுங்கோலாட்சி என்றாலும், அதில் இறந்த இளைஞர்களை அந்த ஆட்சியின் கணக்கில் சேர்க்க மக்கள் மறுப்பதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது.

இறப்போடு இணைந்த இந்நாட்கள் புலம்பெயர்ந்தோரைத் தள்ளி நிறுத்துவதற்கு மாறாக அருகே அழைக்கின்றன என்பதே இங்குக் கூற வேண்டியது. நல்ல காரியத்துக்கு அழைப்பின்றிப் போகலாகாது, துக்க வீட்டுக்கு அழைப்பை எதிர்பார்க்கலாகாது என்பது தமிழர் முறை. போரில் உற்றாரை இழந்தவரும், பிள்ளையின் படத்தை ஏந்தித் தெருவில் நின்ற அன்னையரை அறிந்த ஈழத்தமிழரும் மார்ச் 24 அன்று அச்சதுக்கத்தில் அயலாராக நிற்க இயலாது. மகிழ்ச்சியும் மக்களைத் திரட்டியதுண்டு: உலகக் கோப்பையை வென்ற காற்பந்து அணியை வரவேற்க 2022 டிசம்பர் 20 விடுமுறையாக அறிவிக்கப்பட்டபோது புவெனஸ் அயர்ஸின் தெருக்களில் பல இலட்சம் பேர் திரண்டனர். அந்த மகிழ்ச்சி மெய்யானது, எனினும் அது ஒரே ஒருமுறை வந்த நாள்.

எல்லா விடுமுறைகளும் ஒரே உறுதியோடு காக்கப்படுவதில்லை. சான் மார்த்தின், குவேமஸ் நாட்களும் அக்டோபர் 12, தேசிய இறையாண்மை நாளாகிய நவம்பர் 20 ஆகியவையும் வாரயிறுதியை நீட்டுவதற்காக நகர்த்தத் தக்கவை. மார்ச் 24, ஏப்ரல் 2, மே 25, ஜூன் 20, ஜூலை 9 ஆகியவை நகராதவை. கொலம்பஸ் வந்திறங்கிய அக்டோபர் 12 நெடுங்காலம் ‘இன நாள்’ எனப்பட்டு, 2010-இல் பண்பாட்டுப் பன்மைக்கு மதிப்பளிக்கும் நாளாகப் பெயர்மாற்றம் பெற்றது. குடியேறிகளுக்கென 1949-இல் குறிக்கப்பட்ட செப்டம்பர் 4, 1812-இல் எல்லா நாட்டாருக்கும் பாதுகாப்பு அளித்த ஆணையின் நினைவு. மிசியோனஸ் மாகாணத்தின் ஒபெரா நகரம் அதையொட்டிப் பெருவிழா எடுக்கிறது என்றாலும், அது வேலைநாளே. உலகின் எல்லா மாந்தரையும் வரவேற்கும் அரசியல் சட்ட முகவுரைக்கும், ஐரோப்பியக் குடியேற்றத்தை ஊக்குவிக்கச் சொல்லும் அதன் 25-ஆம் உறுப்புக்கும் இடையிலுள்ள முரண் இன்னும் திருத்தப்படவில்லை. இன்று அந்நாட்டுக்கு வருவோருள் பெரும்பாலோர் பராகுவே, பொலிவியா, பெரு, வெனிசுவேலா முதலிய தென்னமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். புவெனஸ் அயர்ஸின் சர்ருவா குடியிருப்பில் பொலிவியர்கள் அக்டோபர்தோறும் கொப்பகபானா அன்னைக்கு எடுக்கும் விழாவில், அரசு விடுமுறை எதுவும் இல்லாமலே, ஆண்டிஸ் நடனக் குழுக்கள் தெருவை நிறைக்கின்றன. 1816-இல் விடுதலை அறிவிப்பு அச்சான மூன்று மொழிகளும் அங்குப் பேசப்படுகின்றன.