அகதோன் வீட்டு விருந்து

கோடை விடுமுறையில் இரவு கரண்ட் போய்விட்டால் பெரியப்பா மொட்டை மாடியில் பாய் விரிப்பார். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை, எங்களுக்கு ஏதென்ஸ். கி.மு. 416-இல் அகதோன் என்ற இளங்கவிஞர் லீனையா விழாவில் தன் முதல் துன்பியல் நாடகத்துக்கே பரிசு வாங்கினார். வெற்றிப் பூசை முடிந்த மறுநாள் வீட்டில் நண்பர்களுக்கு விருந்து. பிளேட்டோ எழுதி வைத்த அந்த விருந்துக்கு நாங்கள் எத்தனை முறை போய்வந்தோமோ!

எப்போதும் வெறுங்காலோடு திரியும் சாக்ரடீஸ் அன்று குளித்து, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவார். வழியில் ஏதோ யோசனை வந்து பக்கத்து வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவார். பாதிச் சாப்பாட்டில்தான் உள்ளே வருவார். "என் பக்கத்தில் உட்காருங்கள், உங்கள் அறிவு எனக்கும் ஒட்டட்டும்" என்பார் அகதோன். நிறைந்த கிண்ணத்திலிருந்து வெறுங்கிண்ணத்துக்குக் கம்பளி நூல் வழியே நீர் இறங்குவதுபோல் அறிவும் இறங்கினால் நன்றாக இருக்குமே என்பார் சாக்ரடீஸ்.

அதை நம்பாத எங்களுக்குப் பெரியப்பா செய்தே காட்டினார். பலகை மேல் நிறைந்த டம்ளர், கீழே காலி டம்ளர், நடுவே நனைத்த விளக்குத்திரி. ஈரம் விளிம்பேறி மறுபுறம் இறங்கி, திரியின் நுனியில் முத்தாகத் திரண்டு, சொட்டென்று விழுந்தது. அடுத்த சொட்டுக்காக மூச்சுவிடாமல் காத்திருந்தோம்.

பிறகு ஒவ்வொருவராகக் காதல் தேவன் ஈரோஸைப் புகழ்வார்கள். நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனீஸுக்கு விக்கல் எடுத்து முறை தள்ளிப்போகும். உருண்டையாக இருந்த ஆதி மனிதர்களைத் தேவர்கள் இரண்டாகப் பிளந்தார்கள், அன்றிலிருந்து ஒவ்வொரு பாதியும் மறுபாதியைத் தேடி அலைகிறது என்பது அவர் கதை. அகதோனின் முறை வரும்போது பெரியப்பாவின் குரலே குழையும். ஈரோஸ் தேவர்களில் இளையவன், மிக மென்மையானவன். மண்ணில் கால் வைக்காமல் இளகிய மனங்களின் மேலேயே நடப்பவன். அவன் தொட்டால் யாரும் கவிஞராவார். கூடியிருந்தவர்கள் ஆரவாரிப்பார்கள். நாங்களும் கைதட்டுவோம்.

சாக்ரடீஸ் மெதுவாகக் கேட்பார்: ஆசை என்பது தன்னிடம் இல்லாததன் மேல்தானே? அழகை நாடுகிற காதலிடம் அழகு இருக்க முடியுமா? அகதோன், தான் என்ன பேசினோம் என்றே தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வார். எனக்கு அழுகை முட்டும்.

"அவரு ஜெயிச்சதுக்கு வச்ச விருந்துலயே அவரைத் தோக்கடிக்கலாமா பெரியப்பா?"

"தோக்கடிக்கல கண்ணு. தியோதிமாங்கிற அம்மா இதே கேள்வியைக் கேட்டு சாக்ரடீஸையும் மடக்கினவங்க. அவங்க சொன்னதைத்தான் இப்ப சொல்லப்போறாரு."

தியோதிமாவின் ஈரோஸ் வறுமைக்கும் வல்லமைக்கும் பிறந்தவன். செருப்பில்லை, வீடில்லை, வாசற்படிகளில் படுத்துறங்குவான், ஆனாலும் அழகைத் தேடுவதை நிறுத்தமாட்டான். அகதோனின் பூப்போன்ற ஈரோஸைவிட இந்த ஏழைப்பிள்ளையே என் மனதில் ஒட்டிக்கொண்டான். காதலைப் பற்றி நான் பிற்பாடு படித்ததில் இதைவிட உண்மையானது குறைவு. ஆனாலும் அந்த இரவில் என் அன்பு அகதோனுக்குத்தான். ஊரே கொண்டாடும் வேளையில், தன் வீட்டிலேயே, தன் விருந்தினர் முன்னால் 'எனக்குத் தெரியவில்லை' என்று முகம் கோணாமல் சொல்வது எல்லாருக்கும் வராது.

அந்தப் பரிசு நாடகம் என்ன கதை என்று ஒருமுறை கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார். அகதோனின் ஒரு நாடகம்கூட முழுதாகத் தப்பவில்லை. மிஞ்சியவை சில பத்து வரிகள்தான். பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் கற்பனையாகவே படைத்து அவர் ஒரு நாடகம் எழுதியதை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். புராணக் கதைகளையே பெரும்பாலும் மேடையேற்றிய காலத்தில் அது பெருந்துணிவு. பின்னாளில் அவர் ஏதென்ஸை விட்டு மாசிடோனிய அரசன் ஆர்கெலாஸின் அவைக்குப் போய்விட்டார்.

கி.மு. 411-இல் அவரைப் பெண்ணுடையில் மேடையேற்றிக் கேலி செய்த அதே அரிஸ்டோஃபனீஸ், 405-இல் 'தவளைகள்' நாடகத்தில், நல்ல கவிஞன் போய்விட்டான், நண்பர்கள் அவனுக்காக ஏங்குகிறார்கள் என்று ஒரு தெய்வத்தின் வாயால் சொல்லவைத்தார். அதைக் கேட்ட பிறகுதான் அந்த விக்கல்காரர் மேல் எனக்கிருந்த கோபம் தணிந்தது.