அடுக்குகளுக்கு இடையே இருக்கும் நீர்

நியோடிமியம் நைட்ரேட் கரைசலில் ஆக்சாலிக் அமிலத்தை ஊற்றினால் உடனே நியோடிமியம் ஆக்சலேட் இளஞ்சிவப்புப் பொடியாக வீழ்படியும். எக்ஸ் கதிர் ஆய்வுக்கு வேண்டியது பொடியல்ல, ஒற்றைப் படிகம். ஆகவே இரண்டும் சந்திப்பதைத் தாமதப்படுத்துகிறோம். சோடியம் சிலிக்கேட்டில் ஆக்சாலிக் அமிலம் கலந்து சோதனைக் குழாயில் ஜெல்லாக உறையவைத்து, அதன்மேல் நைட்ரேட் கரைசலை மெல்ல விடுவோம். அயனிகள் ஜெல்லுக்குள் ஊடுருவிப் போகப் போக, படிகம் நிதானமாக வளரும்.

வளர்ந்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, போலரைசர் நுண்ணோக்கியின் கீழ் திருப்பிப் பார்ப்பேன்; அப்போது படிகம் முழுவதும் ஒருசேர இருள வேண்டும். பாதி இருண்டு பாதி மினுங்கினால் அது இரட்டைப் படிகமாக இருக்கும், விட்டுவிடுவேன். பெரிதாக இருக்கிறதென்று பிளேடால் நறுக்குவதும் இல்லை. நறுக்கும்போது படிகத்தின் அடுக்குகள் விலகினால் விளிம்பு விளைவுப் புள்ளிகள் நீண்டு கலங்கிவிடும்.

இந்த ஆக்சலேட்டில் இரண்டு நியோடிமியத்துக்கு மூன்று ஆக்சலேட், பத்து நீர். ஒவ்வொரு நியோடிமியத்தையும் ஒன்பது ஆக்சிஜன்கள் சூழ்கின்றன. அவற்றில் ஆறு ஆக்சலேட்டுகளைச் சேர்ந்தவை, மூன்று நீரைச் சேர்ந்தவை. ஒவ்வொரு ஆக்சலேட்டும் இரு உலோகங்களை இணைப்பதால், ஆறு உலோகங்கள் கொண்ட வளையங்கள் தேனடைபோலத் தளமாகப் பரவுகின்றன. ஒரு தளத்தை அடுத்த தளத்தோடு சேர்த்து வைத்திருப்பவை நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகளே. உலோகத்தைச் சேராத நான்கு நீர் மூலக்கூறுகளும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

கட்டமைப்பைத் தீர்க்கும்போது நியோடிமியம் தானாகவே தெரிந்துவிடும். அதன் அணு எண் 60, ஹைட்ரஜனுடையது 1. எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் கனத்த அணுவைச் சுற்றி எழும் போலி மேடுகளுக்கு நடுவே ஹைட்ரஜனைத் தேடுவதுதான் உண்மையான உழைப்பு. அதற்காகவே 100 கெல்வின் குளிரில் தரவு எடுக்கிறோம். படிகம் கதிரை உறிஞ்சுவதற்கான திருத்தத்திலும் கவனம் வைக்கிறோம்.

மாதிரிக்கும் அளந்த தரவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் ஆர் மதிப்பு குறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதை நான் ஏற்பதில்லை. கதிர்ச் சிதறலில் பெரும்பங்கு உலோகத்துக்கே போவதால், நீரைத் தவறாக வைத்தாலும் அந்த எண் அழகாகவே இருக்கும். அடுக்குகளைப் பிடித்து நிறுத்தும் பிணைப்போ நீரில் இருக்கிறது. சூடாக்கினால் முதலில் வெளியேறுவதும் நீர்தான். அதோடு அடுக்கின் ஒழுங்கும் குலைகிறது.

எனவே இத்துறைக்கு வரும் மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டமைப்பு விவரங்களைப் பதியும் சிஐஎஃப் கோப்பை அனுப்புமுன் ஒவ்வொரு நீரின் இரு ஹைட்ரஜன்களும் எந்த ஆக்சிஜனை நோக்குகின்றன, அது எட்டும் தூரத்தில் உள்ளதா என்று பாருங்கள். அதற்குப் பதில் கிடைக்காத வரை அந்தக் கட்டமைப்பு முடிந்ததாகாது.