பிரேக் பிடிக்காமல் போனது எங்கே?

விபத்து வழக்குகளில் எதிர்த்தரப்பின் பதிலுரையில் அடிக்கடி தென்படும் வரி: ‘திடீரென பிரேக் பிடிக்கவில்லை.’ படிப்பவருக்கு அது யார்மீதும் குற்றமில்லாத ஒரு விதிவசமாகத் தோன்றும். திருவண்ணாமலையில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நான் நடத்திய ஒரு வழக்கு முழுவதும் அந்த ஒற்றை வரியைச் சுற்றியே போனது.

ஜவ்வாது மலையில் அது புளி உலுக்கும் பருவம். ஜமுனாமரத்தூரிலிருந்து புளி மூட்டைகளோடு போளூர் நோக்கி இறங்கிய லாரி, ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல், எதிரே மலையேறி வந்த பைக்கின் மீது மோதியது. பைக்கில் வந்தவர் சாமை விதைத்துப் பிழைத்த மலையாளிப் பழங்குடி விவசாயி. அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் ஆகிய நால்வருக்காக நான் ஆஜரானேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்பவர், ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பிடித்துக்கொண்டது அதைத்தான். வாகன ஆய்வாளரின் அறிக்கையும் ‘பிரேக் செயல்படவில்லை’ என்றே சொன்னது. இயந்திரக் கோளாறுக்கு ஓட்டுநர் என்ன செய்வார், தவறு யாருடையது என்று பாராமல் அன்று 140-ஆம் பிரிவில் கிடைத்த 50,000 ரூபாயே போதும் என்பது அவர்கள் வாதம். கவனக்குறைவு நிரூபிக்கப்படாமல் இழப்பீடு இல்லை என்று 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினார்கள்.

அதே தீர்ப்பை நான் தொடர்ந்து படித்துக் காட்டினேன். இயந்திரக் கோளாறு என்று சொல்லும் வாகன உரிமையாளர், அது தக்க கவனம் எடுத்தும் கண்டுபிடிக்க முடியாத மறைவான கோளாறு என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. இங்கிலாந்தில் ஹெண்டர்சன் வழக்கிலும் இதே கேள்விதான். அங்கும் ஒரு லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் போய் ஒருவரைக் கொன்றது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிரேக் குழாய் துருப்பிடித்திருந்தும், லாரி என்னென்ன சரக்கு ஏற்றியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று உரிமையாளர் சொல்லாததால் அவர் தப்பவில்லை.

சட்டம் கைகொடுத்தது. சாட்சியம் இன்னும் வேண்டும். லாரி ஓட்டுநரைக் காப்பீட்டு நிறுவனமே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தது. குறுக்கு விசாரணையில் நான் பிரேக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

“லோடோட மலையில போய்வந்தா டீசல் கட்டுப்படியாகுமா?”

“நாம ஓட்டுற விதத்துல இருக்கு சார். என் வண்டி நல்லாவே குடுக்கும்.”

“ஏத்தத்துல செகண்டு, தேர்டுன்னு முக்கிக்கிட்டுப் போகணுமே. அப்புறம் எப்படி?”

“இறக்கத்துல சரிக்கட்டிடுவோம் சார். நியூட்ரல் போட்டுட்டா டீசலே இழுக்காது. இந்த ரூட்ல எல்லாரும் அப்படித்தான். ஓனரும் டீசல் கணக்குதானே கேக்குறாரு?”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். பதில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பாலபாடம். கியர் விழுந்திருந்தால் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் மொத்த பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். வளைவுக்கு வளைவு அழுத்த அழுத்த டிரம் காய்ந்து, லைனிங் பிடிமானத்தை இழந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. விபத்துக்குப் பின் லாரியைப் பழுதுபார்த்த மெக்கானிக்கை அழைத்தேன். ஏர் பைப்பில் கசிவு எதுவும் இல்லை, லைனிங் கருகி டிரம் நீலம் பாய்ந்திருந்தது என்றார். ஆய்வாளர் சொன்னது உண்மைதான்: பிரேக் செயல்படவில்லை. ஆனால் அது பழுதாகி நின்றதல்ல, மலை உச்சியிலிருந்தே வாட்டி எடுத்ததால் நின்றது.

ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. இறந்தவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. நிலத்தையும் கூலியையும் வைத்து வருமானத்தைக் கணித்து, 2009-ஆம் ஆண்டின் சர்லா வர்மா தீர்ப்புப்படி அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்து, வயதுக்குரிய பெருக்கியைப் போட்டுத் தொகையை நிர்ணயித்தார்கள். அதைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியது.

தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று வரிசையாக வாகனங்களில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று அந்தச் சாலையில் எவ்வளவோ எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை எல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவருக்குத்தான். மலைப்பாதைக்கும் சமவெளிக்கும் ஒரே மைலேஜ் கேட்கும் உரிமையாளருக்கு எந்தப் பலகையும் இல்லை. அதனால், மலைச்சாலை வழக்கு எதுவானாலும், பிரேக் பிடிக்கவில்லை என்று பதிலுரை வந்தால் உரிமையாளரிடமிருந்து இரண்டு ஆவணங்களைத் தாக்கல் செய்யக் கோரி உடனே மனுப் போடுகிறேன். ஒன்று ஒர்க்‌ஷாப் பில். மற்றொன்று ஓட்டுநரோடு அவர் வைத்திருக்கும் டீசல் கணக்கு.