மண்ணைத் தேடிய பூனை

வீட்டு விலங்குகளுள் தூய்மைக்குப் பெயர்பெற்றது பூனை. மண்ணைத் தோண்டிக் கழிவைப் புதைத்து, மூடிய இடத்தை முகர்ந்து பார்த்து, ஐயம் தீர்ந்த பின்னரே அது அவ்விடம் விட்டு அகலும். ஆதலால் அத்தகைய பூனை தனக்கென வைத்த மண்தட்டை விட்டுப் படுக்கையிலும் பாயிலும் சிறுநீர் கழிக்கத் தலைப்படின், வீட்டார் அதனை நோயென்று கொள்வதில்லை, கொழுப்பென்றே கொள்வர். அடியும் ஏச்சும் முதலில் வரும். காரணம் யாதென்ற வினா மிகப் பிந்தியே வரும். சில வீடுகளில் அது வருவதேயில்லை.

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் தளத்தில் வாழ்ந்த குடும்பமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் இவ்வினா எழுந்தது. கணவன், மனைவி, பாடசாலை செல்லும் மகள், மனைவியின் தாயார் என நால்வர். ஐந்தாவதாகக் கறுப்பன் என்னும் கடுவன் பூனை. குட்டியாக மாடிப்படியில் கிடந்ததை மகள் எடுத்து வந்தாள். உரிய பருவத்தில் நலமடிக்கப்பட்டு, குளியலறை மூலையில் வைத்த மண்தட்டைப் பழகி, மூன்று ஆண்டுகள் எவ்விதக் குறையுமின்றி அது வளர்ந்தது.

நான்காம் ஆண்டில் தொல்லை தொடங்கிற்று. முதலில் கால்மிதி நனைந்தது. அடுத்துக் குவித்து வைத்த சலவைத் துணி. பின்னர் மகளின் படுக்கை. கழுவியும் மணம் போகவில்லை. மணம் இருந்த இடத்தையே பூனை மீண்டும் நாடியது. வீட்டுத் தலைவர் அதன் முகத்தைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தார். பத்திரிகையைச் சுருட்டி அடித்தார். பூனை அவரைக் கண்டதும் அலுமாரியின் கீழ் ஒளியக் கற்றதேயன்றி, தட்டுக்குத் திரும்பக் கற்கவில்லை. விருந்தினர் வந்திருந்த ஒருநாள் செற்றியும் நனைந்தது. அன்றிரவு அவர் முடிவு சொன்னார்:

"மாமி, இனிப் பொறுக்கேலாது. நாளைக்குச் சாக்கிலை கட்டிக்கொண்டுபோய் மீன்சந்தையடியிலை விட்டிடுறன். அங்கை அதுக்குச் சாப்பாடும் கிடைக்கும்."

அவர் கொடியவரல்லர். ஊரில் வழிவழியாகச் செய்யப்பட்டு வந்ததையே சொன்னார். மகள் அழுதாள். மனைவி மௌனமாயிருந்தாள். முதியவள் மட்டும் மெல்லச் சொன்னாள்: "ஒருக்கா விட்டிட்டு வந்தனான், தம்பி. இனி ஏலாது."

அவள் எதனைக் குறித்தாள் என்பது அவ்வீட்டில் எல்லாரும் அறிந்ததே. 1995-ம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தபோது, மழையில் தென்மராட்சி நோக்கி நடந்த மக்களுள் அவளும் ஒருத்தி. மாட்டை அவிழ்த்துவிட்டாள், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாள். அடுப்படியில் படுத்திருந்த பூனைக்குச் சிரட்டையில் சோறு வைத்துவிட்டுப் படலையைச் சாத்தினாள். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது சிரட்டை இருந்தது. பூனை இல்லை. அதுபற்றி அவள் அதிகம் பேசியதில்லை.

மறுநாட் காலை சாக்கு எடுக்கப்படவில்லை. முதியவள் தட்டின் அருகே பலகைக்கட்டையைப் போட்டு அமர்ந்து பூனையைக் கவனிக்கலானாள். அது தட்டில் ஏறியது, குந்தியது, ஒன்றுமின்றி இறங்கியது. நிலத்திற் குந்தியது, ஈனக் குரலில் முனகியது. வெள்ளை ஓட்டில் இரு துளிகளே விழுந்தன. அவற்றில் செந்நிறம் கலந்திருந்தது.

"உது அடம் இல்லைத் தம்பி. சலம் போகுதில்லை. கெதியாக் கொண்டுபோங்கோ."

மிருக வைத்தியர் வயிற்றைத் தொட்ட மாத்திரத்தே அறிந்துகொண்டார். சிறுநீர்ப்பை கல்லைப்போல் இறுகியிருந்தது. ஆண்பூனையின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதனை அடைத்துவிடின், வெளியேற வேண்டிய நஞ்சு குருதியிற் கலக்கும். பொற்றாசியம் மிகுந்து இதயம் தடுமாறும். இரண்டு மூன்று நாட்களுள் உயிர் போகும். அன்று பூனை சாக்கிற் கட்டப்பட்டிருந்தால் மீன்சந்தையின் எச்சில் மீன் அதற்குப் பயன்பட்டிராது. வைத்தியர் மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். மூன்றாம் நாள் பூனை வீடு மீண்டது.

இவ்விடத்து ஓர் உண்மை மனங்கொளத்தக்கது. பூனை பழிவாங்குவதற்காகப் படுக்கையை நனைப்பதில்லை. சிறுநீர் கழிக்கையில் வலி எடுக்குமாயின், அவ்வலியைத் தந்தது தட்டே என்று அது கருதிக்கொள்கிறது. வலியற்ற இடத்தைத் தேடி மென்மையான துணியை நாடுகிறது. இளம்பூனைகளிடத்துக் காணப்படும் சிறுநீர்ப்பை அழற்சியிற் பெரும்பாலானவற்றுக்குக் கிருமி காரணமன்று. இந்நோயை நீண்டகாலம் ஆராய்ந்த ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனி பபிங்ரன், பூனையின் மனநெருக்கடிக்கும் அதன் சிறுநீர்ப்பைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். இரைச்சல், புதிய ஆட்கள், இடமாற்றம், தண்டனை ஆகிய யாவும் இந்நோயைத் தூண்டவல்லன. எனவே அடித்துத் திருத்த முயல்பவர் நோயை வளர்ப்பவராகவே ஆகின்றார்.

நோய் தணிந்த பின்னரும் கறுப்பன் தட்டை நாடவில்லை. வீட்டார் அப்போதுதான் தட்டையே நோக்கினர். சில மாதங்களுக்கு முன், மணம் மறைக்குமென்று கருதி, வாசனையூட்டிய பருக்கை மண்ணுக்கு மாறியிருந்தனர். மனிதருக்கு இனிய அவ்வாசனை, நம்மிலும் பன்மடங்கு கூரிய மோப்பமுள்ள விலங்குக்குத் தாங்கொணாததாதல் கூடும். அதே காலத்திலேயே தட்டின் அருகில் சலவை இயந்திரம் வந்தது. அது சுழலத் தொடங்கும் அதிர்ச்சியிற் பூனை பாதியில் பாய்ந்தோடியது. அயல்வீட்டிலோ சுவர் இடித்துத் திருத்தும் வேலை நடந்தது.

"அதுக்கு வாசம் என்னத்துக்கு? அது தேடுறது மண்ணை" என்றாள் முதியவள்.

அவள் கூற்று வரலாற்றுக்கும் பொருந்துவதே. வீட்டுப்பூனையின் முன்னோர் வறண்ட நிலத்து ஆபிரிக்கக் காட்டுப்பூனைகள்; மணலிற் புதைப்பது அவற்றின் வழி வந்த இயல்பு. ஊரில் வளவு இருந்தவரை எவரும் தட்டு வைத்ததில்லை. குளிர்நாடுகளில் பூனையை வீட்டினுள் வைத்தோர் மணலும் சாம்பலும் இட்டனர். 1947-ம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில், மணல் உறைந்துபோனமையால் சாம்பல் இட்டு, அதன் கரிய அடிச்சுவடுகள் வீடெங்கும் பதியக் கண்டு சலித்த பெண்ணொருத்தி, எட்வேட் லோ என்னும் அயலவரிடம் மணல் கேட்டாள். அவர் ஈரம் உறிஞ்சும் களிமண் பருக்கைகளைக் கொடுத்தார். இன்று உலகெங்கும் விற்கப்படும் பூனைமண் வணிகம் அதிலிருந்தே பெருகியது. அந்த வணிகம் பின்னர் சேர்த்த வாசனை மனித மூக்குக்காகச் சேர்க்கப்பட்டது. பூனை அதனைக் கேட்டதில்லை.

ஆற்றுமணல் வாங்கி, அரிதட்டில் அரித்து, வெயிலில் உலர்த்தி, முதியவள் புதிய தட்டொன்றில் இட்டாள். அது பூனையின் உடல் நீளத்திலும் ஒன்றரை மடங்கு பெரியது. சலவை இயந்திரத்திற்கு எட்டாத பல்கணி மூலையில் அது வைக்கப்பட்டது. உணவுக் கோப்பை தொலைவிற் போயிற்று. பூனைகளின் தொகையிலும் ஒன்று கூடுதலாகத் தட்டுகள் இருத்தல் நன்றென வைத்தியர் கூறியமையால், மற்றொன்று நடைவழியில் இடம்பெற்றது. அழுக்கு நாள்தோறும் இருமுறை அள்ளப்பட்டது. நனைந்த இடங்கள் நொதியம் கலந்த கழுவுநீராற் சுத்தம் செய்யப்பட்டன. அமோனியா கலந்த திரவம் அவ்விடத்திற்கு ஆகாது. அதன் நெடி சிறுநீரை ஒத்திருத்தலால் பூனையை மீண்டும் அழைக்கும். அடைப்பு மறுபடி நேராதிருக்க நீர்ப்பதமான உணவு கொடுக்கப்பட்டது.

முதல் இரண்டு நாட்கள் கறுப்பன் மணலை முகர்ந்து விலகியது. மூன்றாம் நாள் விடியலில் பல்கணியிலிருந்து தோண்டும் ஒலி கேட்டது. முதியவள் கையை உயர்த்தி வீட்டாரை அசையாதிருக்கச் செய்தாள். பூனை குந்தியது, மூடியது, முகர்ந்தது, மறுபடியும் மூடியது. வீட்டுத் தலைவர் கதவருகே நின்று அதனைப் பார்த்திருந்தார். அன்று மாலை கட்டடப் பொருட்கடையிலிருந்து மேலும் ஒரு பை மணலைத் தாமே தோளிற் சுமந்து நான்கு மாடி ஏறினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பின்னர் தவறே நேரவில்லை எனல் பொய்யாகும். அயலில் வெடி கொளுத்தும் இரவுகளில் கால்மிதி நனைவதுண்டு. ஆனால் பத்திரிகையை எவரும் சுருட்டுவதில்லை. முதலில் நிலத்து ஈரத்தின் அளவையும் நிறத்தையும் பார்க்கின்றனர். பின்னர் தட்டைப் பார்க்கின்றனர். அதன்பின் வீட்டில் அன்று நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கின்றனர். வாயில்லாச் சீவன் தன் துன்பத்தைத் தனக்குக் கைவந்த வழியாற் சொல்கிறது. அதனைக் குற்றமென்று கொள்வதும் செய்தியென்று கொள்வதும் வீட்டாரைப் பொறுத்தது. வெள்ளவத்தை வீட்டில் ஓர் உயிர் பிழைத்தது, ஒருத்தி பலகைக்கட்டையைப் போட்டு அமர்ந்து, இருதுளி ஈரத்தைக் குனிந்து பார்த்தமையால்.