எலுமிச்சம் பழமும் வானூர்தியும்

கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே படைக்கலங்களாகக் கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் போர் புரிந்தவர்கள் நாங்கள். அறியாமை என்னும் பகைவனை அடியோடு வீழ்த்திவிட்டோம் என்று மார்தட்டியதில்லை. அவனோடு சமரசம் செய்துகொண்டதில்லை என்ற மனநிறைவோடு ஓய்வு பெற்றோம். அந்த மனநிறைவு எத்துணை மெல்லிய ஓட்டுக்குள் இருந்தது என்பதை எங்களுக்கு உணர்த்தியது ஒரு விமானப்படைத் தளம். அந்தக் கதையைத்தான், எங்கள் தோல்வியையும் மறைக்காமல், தோழர்கள் முன் வைக்கிறோம்.

2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், காவிரிக் கரைச் சிற்றூரை விட்டு, கணவனும் மனைவியுமாக, கோவைக்குக் கிழக்கே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்திற்குக் குடிவந்தோம். எங்கள் மகள் அங்கே பொறியியல் பிரிவில் அதிகாரி. ஊர்தி பறக்கத் தகுதியுடையதா இல்லையா என்று ஆய்ந்து கையெழுத்திடும் பொறுப்பு அவளுடையது. "பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?" என்று அவள் பாட்டியைக் கேட்ட தெருவிலே பிறந்தவள், இன்று "பறக்கலாம்" என்று சொன்னால்தான் ஒரு வானூர்தி தரையை விட்டு எழும்! பெற்றவர்களுக்கு இதைவிடப் பேறு வேறென்ன வேண்டும்?

பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்துவரும் மேல்காற்று எங்களை வரவேற்றது. வாயிலில் துப்பாக்கி ஏந்திய காவலர், வரிசை தவறாத வீடுகள், செவியைப் பிளக்கும் ஓசை! முதல் வாரம் உறக்கம் வரவில்லை. இரண்டாம் வாரம் ஓசை பழகிவிட்டது. பழகாதது வேறொன்று.

அண்டை வீட்டார் ஒருவர். இயந்திரவியலில் பட்டம் பெற்றவர். எங்கள் வாசலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தெற்குப் பார்த்த வீடு, சார். ஒரு பரிகாரம் செய்துவிடுங்கள்" என்றார். நாங்கள் நகைத்தோம். "ஓடுபாதைக்கு வாஸ்து பார்த்தார்களா, காற்றின் திசை பார்த்தார்களா?" என்று கேட்டோம். அவரும் நகைத்தார், ஆயினும், "அது வேறு, இது வேறு" என்றார். படிப்பு ஓர் அறையிலும் பழக்கம் மற்றோர் அறையிலும் குடியிருக்க, இடையிலே கதவைச் சாத்திவைத்திருக்கும் உள்ளங்கள் எத்தனை எத்தனை!

அவரை மறுப்பது எளிதாக இருந்தது. ஆத்தாவை மறுப்பது அப்படி இல்லை. அனுமதிச் சீட்டோடு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் மூதாட்டி அவர். ஒரு நாள், கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கம்மா, இந்த மண்ணு காவு கேக்கற மண்ணுங்க. அந்தப் பெரிய தளபதி போன வண்டி கூட இங்கிருந்துதானுங்களே கெளம்புச்சு!"

எங்களுக்கு வாயடைத்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற எம்.ஐ.-17 வகை உலங்கு ஊர்தி இந்தச் சூலூரிலிருந்துதான் வெலிங்டனுக்குப் புறப்பட்டது. குன்னூரை அடுத்த நஞ்சப்பச் சத்திரத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 14 பேரில் ஒருவரும் இறுதியில் பிழைக்கவில்லை. எரியும் ஊர்தியை நோக்கித் தண்ணீரும் போர்வையுமாக ஓடிவந்தவர்கள் அந்தக் குக்கிராமத்து எளிய மக்கள். முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்ன காரணம் இது: பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது, ஊர்தி முகிலுக்குள் புகுந்தது, ஓட்டுநருக்குத் திசையுணர்வு தடுமாறியது. இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை.

காரணம் தெரிந்திருந்தும் ஆத்தாவின் சொல் ஏன் எங்கள் நெஞ்சில் தைத்தது? அந்த மண்ணை நாங்கள் அறிந்திருக்கவில்லை. அறியாத இடத்திலேதான் அச்சம் குடிபுகும்; அச்சம் குடிபுகுந்த வீட்டுக்குத்தான் ஆண்டவனின் பெயரால் வாடகை கேட்க ஆள் வருவான். எனவே அந்த மண்ணின் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம். மகள் கொண்டுவந்த நூல்களைப் படித்தோம், முதியவர்களைக் கேட்டோம்.

தளத்தைப் பெற்றெடுத்தது தேவரும் அல்லர், பூதமும் அன்று. ஓர் உலகப் போர். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினர். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மிஸ் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல் மூழ்கியது. கடலோரம் காப்பற்றது என்று கண்ட வெள்ளை ஏகாதிபத்தியத்திற்கு உள்நாட்டுத் தளங்கள் தேவைப்பட்டன. சூலூர் போர்க்காலத் தளமாயிற்று. 1945-இல் பிரிட்டிஷ் கடற்படையின் வானூர்திகள் இங்கே தங்கின.

அந்தக் கடற்படைக்கு ஒரு வழக்கம் உண்டு. தரையில் இருக்கும் தளத்தையும் கப்பல் என்றே பெயரிட்டு அழைப்பார்கள். சூலூர் என்னும் 'கப்பலின்' பெயர் என்ன தெரியுமா? எச்.எம்.எஸ். வைரி! தாம்பரத்தின் பெயர் எச்.எம்.எஸ். வல்லூறு! கோவைத் தளம் கருடா. இலங்கையிலே புத்தளத்துத் தளம் ராஜாலியா, கட்டுக்குருந்தைத் தளம் உகுஸ்ஸா. யாவும் பறவைகள். வைரியும் வல்லூறும் நம் வயல்வெளிக்கு மேலே வட்டமிட்டு எலியையும் ஓணானையும் கொத்திச் செல்லும் வேட்டைப் பறவைகள். நம்மை ஆண்டவன் நம் மண்ணை எடுத்துக்கொண்டான். அந்த மண்ணுக்கு இட நம் மொழியின் சொல்லையும் எடுத்துக்கொண்டான். 'வைரி' என்ற சொல்லுக்குப் பகைவன் என்றும் பொருள் உண்டு. அதை அவன் அறிந்தானோ, அறியானோ!

வெள்ளையர் சென்றனர், ஓடுபாதை இருந்தது. விடுதலை பெற்ற நாட்டின் கடற்படை, விக்ராந்த் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலைப் பெற்ற 1961-ஆம் ஆண்டில், செப்டம்பர் 5 அன்று, தன் வானூர்திப் பிரிவுக்கான ஹன்சா தளத்தை இதே சூலூரில்தான் தொடங்கியது. வைரி இருந்த கூட்டில் அன்னம் அமர்ந்தது! 1964-இல் அந்த அன்னம் கோவாவுக்குப் பறந்தது. பிறகு சூலூர் விமானப்படையின் பெருந்தளமாக வளர்ந்தது. இந்த நாட்டிலேயே வடிவமைத்த தேஜஸ் போர் வானூர்தியின் முதல் அணி 2018-இல் இங்கே வந்தது. இரண்டாம் அணி 2020 மே 27 அன்று இங்கேயே தொடங்கப்பட்டது.

இதையெல்லாம் ஆத்தாவிடம் சொன்னோம். அவர் வியக்கவில்லை. "கல்லு சொமந்தது என்ற அப்பனுங்க" என்றார். சண்டைக் காலத்தில் ஊரே திரண்டு கல் உடைத்ததாம். பெண்கள் தலைச்சுமையாய்ச் சல்லி சுமந்தார்களாம். கூலி வாங்கிய கையில் கொப்புளம் இருந்ததாம். நாங்கள் படித்த நூல்களில் அணிகளின் எண் இருந்தது, தளபதிகளின் பெயர் இருந்தது. கல் சுமந்தவன் பெயர் ஒரு வரியிலும் இல்லை. காவு கேட்ட மண் என்று ஆத்தா சொன்னது பொய். ஆனால் அந்த மண்ணில் கொட்டிய வியர்வை மெய்யன்றோ!

இவ்வளவும் அறிந்தபின் அச்சம் அகன்றது என்று எழுதி முடித்துவிட எங்களுக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை.

2016-ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்ட ஏ.என்.-32 வானூர்தி ஒன்று 29 பேரோடு வங்கக் கடலின்மேல் மறைந்தது. அது சூலூரைச் சேர்ந்த 33-ஆம் அணியின் ஊர்தி. கப்பல்கள் தேடின, வானூர்திகள் தேடின, ஒரு துண்டும் கிட்டவில்லை. ஏழரை ஆண்டுகள் சென்றன. ஏழரை என்றதும் சனியின் பெயரைச் சொல்லத் துடிக்கும் நாக்குகள் நம் நாட்டில் உண்டு. ஆனால் விடை தந்தது சனியன்று, அறிவியல்! தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, ஒலியலைகளால் கடலடியைத் துழாவி, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைலுக்கு அப்பால், சிதைந்த பாகங்களைப் படமெடுத்தது. 2024 ஜனவரி 12 அன்று அரசு அதை அறிவித்தது. மாண்டவர்களை அந்தப் படங்கள் மீட்டுத் தரவில்லை. எனினும் "எங்கே?" என்று ஏழரை ஆண்டுகளாய்த் தவித்த குடும்பங்களுக்கு ஒரு விடை கிடைத்தது.

அந்தச் செய்தி வந்து ஒரு திங்கள்கூட ஆகவில்லை; எங்கள் மகளுக்குப் போர்ட் பிளேர் செல்ல ஆணை வந்தது. அதே வகை ஊர்தி! அதே கடல்!

புறப்படும் நாளுக்கு முன்னாள் மாலை, ஆத்தா முந்தானையிலிருந்து ஓர் எலுமிச்சம் பழத்தை எடுத்து நீட்டினார். "பாப்பா பையில போட்டு விடுங்கம்மா. என்ற மனசுக்காவ." எங்களுள் எவர் வாங்கினார், எவர் அதை மகளின் பைக்குள் வைத்தார் என்று கேட்காதீர்கள், தோழர்களே! இருவரும் குற்றவாளிகளே. 2019 அக்டோபர் 8 அன்று, பிரான்சு நாட்டில் ரபேல் போர் வானூர்தியைப் பெற்றுக்கொண்டபோது அதன் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம் பழங்கள் வைக்கப்பட்டதைப் படத்தில் பார்த்து வயிறு குலுங்க நகைத்தவர்கள் நாங்கள். அதே பழம் இப்போது எங்கள் கையில்!

மகள் பையைத் திறந்தாள்; கண்டாள். சினப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் எங்கள் அருகில் அமர்ந்தாள்.

"அப்பா, அம்மா, நாங்கள் வேலை தொடங்குமுன் கருவிகளை எண்ணுவோம், முடிந்தபின் மீண்டும் எண்ணுவோம். ஒரு சிறு திருப்புளி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை ஊர்தி பறக்காது. இந்தப் பழம் காப்பாற்றும் என்று ஒருநாள் நான் நம்பிவிட்டால், அன்றைக்கு ஒரு திருகாணியைப் பாராமல் விட்டுவிடுவேன். பழத்தால் யாருக்கும் தீங்கில்லை என்கிறார்கள். பாராமல் விட்ட திருகாணியால் தீங்கு உண்டே?"

முப்பத்தைந்து ஆண்டுகள் நாங்கள் நடத்திய பாடம், அன்று எங்களுக்கே நடத்தப்பட்டது. மூடநம்பிக்கை தீங்கற்ற ஆறுதல் என்கிறார்களே, அவர்களுக்கு இதைவிட மறுமொழி வேண்டுமா? பரிகாரம் செய்து முடித்தவன் காரணம் தேடுவதில்லை. காரணம் தேடாத இடத்தில் அதே விபத்து மீண்டும் வந்து கதவைத் தட்டும்.

பழத்தை அறுத்துப் பிழிந்தோம். நான்கு குவளை சாறு. ஒன்றை ஆத்தாவுக்குக் கொடுத்தபோது, முதலில் முகம் சுருங்கினார். பிறகு, "பாப்பா குடிச்சாச் சரி" என்று சொல்லிக் குடித்தார். மகள் சென்றாள், பணி முடித்துத் திரும்பினாள். திரும்பியதால் எங்கள் வாதம் வென்றது என்று சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு சோதிடமே! அவள் சென்ற ஊர்தியை யாரோ ஒரு தொழிலாளி எண்ணி, ஆய்ந்து, கையெழுத்திட்டு அனுப்பினார். அவரை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம்.

2024 ஆகஸ்டில், தரங் சக்தி என்னும் பன்னாட்டுப் பயிற்சிக்காகப் பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, ஸ்பெயின் நாடுகளின் போர் வானூர்திகள் சூலூரில் வந்து இறங்கின. 1945-இல் ஆள்பவனாய் இங்கே இருந்தவன், இப்போது விருந்தினனாய், அன்று தன் பகைவனாயிருந்த ஜெர்மானியனோடு சேர்ந்து வந்தான். வானம் அதிர்ந்தது. ஆத்தா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்கள் மகளிடம் கேட்டார்: "பாப்பா, என்ற அப்பன் போட்ட கல்லு இன்னும் அந்தப் பாதைக்கு அடியில கெடக்குமா?"

"தெரியாது ஆத்தா" என்றாள் மகள். "கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து நடக்கவும் வேண்டிய துணிவே பகுத்தறிவு. அது மேடையில் மட்டும் இருந்தால் போதாது, தோழர்களே. மகள் பையைக் கட்டுகிற இரவிலும் நம்மிடம் இருக்க வேண்டும்.