தொட்டியும் சென்சாரும்

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது எல்லாருக்கும் தெரியும். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர். தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க அந்த லேண்டரில் லேசர் கருவியும் ரேடியோ அலைக் கருவியும் இருந்தன. அனுப்புவதற்கு முன்னாடியே அந்தச் சென்சார்களை ஹெலிகாப்டரில் வைத்துப் பறந்து சோதித்தார்கள். புதுக் கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாதாம். இது எனக்குப் புரிந்தது இந்த வருஷம்தான்.

எங்க அப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் மோட்டார் போட்டு நிறுத்துற வேலை பார்க்கிறார். சித்திரையில் முதலாளி மாடித் தொட்டி மூடியில் ஒரு சென்சார் மாட்டினார். "இனிமே இதுவே மோட்டாரை நிப்பாட்டிரும்" என்றார். அன்று ராத்திரி அப்பா சரியாச் சாப்பிடலை.

அந்தச் சென்சார் நொடிக்கு 40,000 முறை அதிர்கிற ஒலியை அனுப்பும். நம் காதுக்கு 20,000 வரைதான் கேட்கும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லும். பூச்சி தின்கிற சின்ன வவ்வால்களும் இப்படித்தான். (பெரிய பழந்தின்னி வவ்வாலுக்குக் கண்ணே போதும்!)

ஆனால் மோட்டார் ஓடும்போதெல்லாம் அளவு தாறுமாறாக ஆடியது. ஒருநாள் தொட்டி நிரம்பி வழிந்து படியெல்லாம் தண்ணீர். முதலாளி அப்பாவைத்தான் வஞ்சாரு. "அது கெட்டே கெடக்கட்டும், சரி பண்ணிட்டா உங்க அப்பாவுக்கு வேலை இருக்காது" என்றார் அம்மா. எனக்கோ, செய்யாத தப்புக்கு அப்பா பேச்சு வாங்குவது பொறுக்கவில்லை.

ஐ.டி.ஐ. படிக்கும் பெரியப்பா மகன் அண்ணன் வந்து பார்த்தார். சென்சார் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே பைப்பில் போயிருந்தன. வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அது பக்கத்து ஒயரின் சின்ன வோல்டேஜிலும் ஏறிக்கொள்ளும். இதற்குப் பெயர் இரைச்சல், ஆனால் காதுக்குக் கேட்காது. அண்ணன் வலை சுற்றிய ஒயரைத் தனிப் பைப்பில் விட்டு, வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் கொடுத்தார். பிறகு ஐந்து அளவு எடுத்து நடுவில் உள்ளதை எடுக்க வைத்தார். 101, 102, 140, 101, 103 என்று வந்தால் சராசரி 109-ஐத் தாண்டிவிடும். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 102. அந்த 140 தன்னால கழன்றுவிடும்.

ஆட்டம் நின்றது. ஆனாலும் மத்தியானம் மோட்டார் சீக்கிரமே நின்றுவிடும். ஏன் என்று கண்டுபிடித்தது அப்பாவின் கயிறுதான்! அரை அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கல். கயிறு சொன்னது ஒன்று, சென்சார் சொன்னது ஒன்று. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஒலி 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் போகும், 40 டிகிரியில் சுமார் 355. சூட்டில் ஒலி சீக்கிரம் திரும்பிவிடுவதால் 200 செ.மீ. ஆழத்தை 193 என்று காட்டும். தண்ணீர் 7 செ.மீ. ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். நம்ம மதுரை வெயிலுக்கு வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் சென்சார்தான் வேண்டும்.

இதை அப்பாவே முதலாளியிடம் கயிற்றைக் காட்டி விளக்கினார். அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆடியில கல்யாணம் கிடையாது, ஆவணியில பார்ப்போம். அதுவரைக்கும் தினமும் ரெண்டு வேளை கயிறு விட்டு அளந்து எழுதி வை" என்று சொல்லியிருக்கிறார். அந்த நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தது நான்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி
சமயநல்லூர்